உள்ளரங்க எலெக்ட்ரிக் கோ-கார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். ஆறு வருடங்களாக வாரநாள் இரவுகளில் உள்ளரங்கத் தடங்களில் கோ-கார்ட் லீக் போட்டி ஓட்டுகிறேன். கோ-கார்ட் என்பது ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும், தரையை ஒட்டிய சின்னப் பந்தய வண்டி, சுருக்கமாகக் கார்ட். லீக் என்றால் பல வாரம் தொடர்ந்து நடக்கும் போட்டி. பொங்கல் விழாவிலோ யாராவது வீட்டு விருந்திலோ இந்தப் பேச்சு வந்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நாமே ஒரு கார்ட் மையம் ஆரம்பித்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதி வைக்கிறேன். அமெரிக்கத் தடங்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

இது குழந்தைகள் விளையாட்டா, நிஜமான பந்தயமா?

இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது. சனிக்கிழமை மதியம் போனால் பிறந்தநாள் கூட்டம், கேக், கூச்சல். அதே தடத்துக்குப் புதன்கிழமை இரவு போனால், ஒரு சுற்றில் பத்தில் ஒரு விநாடி குறைப்பதற்காக மூன்று மாதம் உழைத்தவர்கள் நிற்பார்கள். உட்காருவது இரு கூட்டத்துக்கும் ஒரே கார்ட்தான். சொந்த வண்டி, சொந்த மெக்கானிக், சொந்த டயர் எதுவும் இல்லாமல் ஓட்டும் திறமையை மட்டும் வைத்து மோதுவதற்கு இதைவிட மலிவான மோட்டார் பந்தயம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இதை முழு மரியாதையோடு பார்க்கச் சொல்கிறேன்.

பெட்ரோல் இல்லாமல் ஏன் மின்சாரம்?

முதல் காரணம் காற்று. பெட்ரோல் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கூரை போட்ட கட்டடத்துக்குள் பத்து எஞ்சின்கள் நாள் முழுக்க ஓடினால் ராட்சத விசிறிகள் வேண்டும். பனிக்காலத்தில் அந்த விசிறிகள் சூடான காற்றையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். ஓட்டுபவருக்கு ஐந்து நிமிடம்தான், அங்கே வேலை பார்ப்பவருக்கு எட்டு மணி நேரம். தலைவலியோடு வீட்டுக்குப் போகும் ஊழியரை யோசித்தால் மின்சாரம் எவ்வளவு பெரிய நல்ல காரியம் என்று புரியும்.

இரண்டாவது, கட்டுப்பாடு. கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தி தடத்திலுள்ள எல்லா கார்ட்களின் வேகத்தையும் ஒரே நொடியில் குறைக்கலாம். யாராவது சுவரில் மோதிக் குறுக்கே நின்றால், பின்னால் வருபவர் கொடியைப் பார்த்தாரா இல்லையா என்று கவலைப்படத் தேவையில்லை. சிறுவர் ஓட்டும்போது வேக வரம்பை இறக்கி, பெரியவர் வந்ததும் ஏற்றவும் இதே வசதிதான்.

மூன்றாவது, இழுவிசை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையைக் கொடுக்கும். உள்ளரங்கத் தடத்தில் நீண்ட நேர்கோடே கிடையாது. வளைவு, சின்ன ஓட்டம், மறுபடி வளைவு. அப்படிப்பட்ட இடத்தில் உச்ச வேகத்தைவிட வளைவிலிருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறோம் என்பதுதான் முக்கியம்.

சத்தம் குறைந்ததை நிறையப் பேர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வரம். டயர் கத்துவது காதில் விழுகிறது, அந்தச் சத்தம்தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்.

இது எப்போது, எங்கே ஆரம்பித்தது?

கோ-கார்ட் பிறந்தது 1956-ல், தெற்கு கலிபோர்னியாவில். பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட சின்ன எஞ்சினை வைத்து முதல் வண்டியைச் செய்தார். பாசடீனாவில் ரோஸ் பௌல் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் அதை ஓட்டிக் காட்டியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் கார்ட் தயாரிப்பு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

உள்ளரங்கத்தில் மின்சாரக் கார்ட்டை அமெரிக்காவில் பெரிய அளவில் பரப்பியது கே1 ஸ்பீடு என்ற நிறுவனம். 2003-ல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் முதல் மையத்தைத் திறந்து, பிறகு நாடெங்கும் கிளை விட்டது. பிரிட்டனில் டீம்ஸ்போர்ட் பெரிய பெயர். கார்ட்களைச் செய்பவர்களில் பிரான்சின் சோடி, ஜெர்மனியின் ரிமோ, பிரிட்டனின் பிஸ், இத்தாலியின் ஓடிஎல் ஆகியவற்றை அடிக்கடி பார்க்கலாம்.

எவ்வளவு வேகம் போகும்?

கே1 ஸ்பீடு தன் பெரியவர் கார்ட்களுக்குச் சொல்லும் அளவு 20 குதிரைத்திறன், மணிக்கு 45 மைல் வரை. அதாவது 72 கிலோமீட்டர். சிறுவர்களுக்கு 20 மைல். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

முதல் தடவை போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

விரல்கள் மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப், தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம், பின் அச்சில் சுற்றிக்கொள்ளும். நீளமான தலைமுடியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும், அதற்குள் போடும் துணி உறையும் அங்கேயே கிடைக்கும். உயரத்துக்கு வரம்பு உண்டு. கே1-ல் பெரியவர் கார்ட்டுக்குக் குறைந்தது 4 அடி 10 அங்குலம், சிறுவர் கார்ட்டுக்கு 4 அடி. வயதைவிட உயரத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் கால் பெடலுக்கு எட்ட வேண்டும்.

வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக். இரண்டையும் ஒன்றாக அழுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் பல கார்ட்களில் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், வண்டி பழுது என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கொடிகளில் மூன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ ஆகியிருக்கிறது, மெதுவாக, நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார், வழி விடுங்கள், சிவப்பு என்றால் நில்லுங்கள். எது நடந்தாலும் கார்ட்டை விட்டு நீங்களாக இறங்கக் கூடாது.

எல்லோரையும் முந்தி முதலில் வந்தேன். பட்டியலில் நான்காம் இடம் என்று போட்டிருக்கிறதே?

சாதாரண வாடகை ஓட்டத்தில் வரிசைப்படுத்துவது உங்களுடைய ஆகச் சிறந்த ஒரு சுற்றின் நேரத்தை வைத்துத்தான். யார் முன்னால் போகிறார் என்பது கணக்கில் வராது. கார்ட்டில் இருக்கும் சின்ன டிரான்ஸ்பாண்டர் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவு செய்யும், ஆயிரத்தில் ஒரு விநாடி வரை.

இதைப் புரிந்துகொண்டாலே உங்கள் ஓட்டம் மாறிவிடும். முன்னால் மெதுவான ஆள் இருந்தால் அவரை இடித்துக்கொண்டு பின்னாலேயே போவதில் ஒரு லாபமும் இல்லை. ஒரு வளைவில் வேண்டுமென்றே பின்தங்கி, ஐந்தாறு விநாடி இடைவெளி உண்டாக்கிக்கொண்டு, அப்புறம் ஒரு சுத்தமான சுற்று ஓட்டுங்கள். பன்னிரண்டு சுற்றில் அப்படி இரண்டு கிடைத்தால் போதும்.

வேகமாக ஓட்டுவது எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காரில் எஞ்சின் சுழற்றும் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாகப் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கார்ட்டில் அது இல்லை. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியிருக்கும். அப்படியானால் கார்ட் எப்படித் திரும்புகிறது? ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களின் சாய்வு அமைப்பு உட்பக்க முன் சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது, சட்டகம் லேசாக முறுக்கிக்கொண்டு உட்பக்கப் பின் சக்கரத்தை மேலே தூக்குகிறது. ஒரு கணம் மூன்று சக்கரத்தில் ஓடித்தான் கார்ட் வளைகிறது. அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷன் என்று தனியாக ஒன்றும் இல்லை, அந்த இரும்புச் சட்டகத்தின் வளைவுதான் சஸ்பென்ஷன்.

பேட்டரியைச் சுமக்கும் வாடகைக் கார்ட் கனமானது. அதில் இந்தத் தூக்கல் குறைவு. ஸ்டியரிங்கை நிறையத் திருப்பினால் முன் டயர்கள் திரும்பாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு நேராகப் போகும், டயர் 'கீ' என்று கத்தும். அந்தச் சத்தம் வேகத்தின் சத்தம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது வேகம் கரையும் சத்தம். மெல்லிய முனகல் நல்லது, கத்தல் நஷ்டம்.

இரண்டாவது பிரேக். வாடகைக் கார்ட்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். திரும்பிக்கொண்டே அழுத்தினால் பின்பக்கம் சுழன்றுவிடும். ஆகவே நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். ஒரே அழுத்து, சரியான அளவு, விடு, அப்புறம் திருப்பு. இந்த வரிசையைப் பழக எனக்கு ஒரு முழுப் பனிக்காலம் பிடித்தது.

மூன்றாவது பாதை. வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்து போக வேண்டும். உள் ஓரத்தைத் தொடும் இடத்தை ஏபெக்ஸ் என்பார்கள். கொண்டை ஊசி வளைவில் அந்த இடத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுங்கள். நுழையும்போது மெதுவாகத் தோன்றும், ஆனால் வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராகி, ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்த முடியும். மின்மோட்டார் அந்த இடத்தில்தான் காசைத் திருப்பித் தரும். இன்னொன்று, அழுத்துவது கொஞ்சம் கொஞ்சமாக இருக்கட்டும். விசை உடனே வருவதால் ஒரேயடியாக மிதித்தால் பின் டயர் வழுக்கும்.

கடைசியாக ஒன்று. பாலீஷ் போட்ட கான்கிரீட் தரையில், எல்லோரும் போகும் பாதையில் ரப்பர் படிந்து பிடி கூடிக்கொண்டே வரும். காலையில் ஓட்டிய நேரத்தை இரவு ஓட்டிய நேரத்தோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

நான் கொஞ்சம் கனமான ஆள். போட்டியில் நிற்க முடியுமா?

முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தயப் பெட்ரோல் கார்ட் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தம் 140, 90 கிலோ ஆள் உட்கார்ந்தால் 170. வித்தியாசம் 21 சதவீதம். மின்சார வாடகைக் கார்ட் 200 கிலோ என்றால் 260-க்கும் 290-க்கும் வித்தியாசம் 11 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதிப்பு இருக்கிறது, ஆனால் பாதியாகிறது. முறையான போட்டிகளில் எடை குறைந்தவர்களுக்கு ஈயக் கட்டி ஏற்றிச் சமன் செய்வார்கள். எங்கள் லீக்கில் நூறு கிலோவை ஒட்டிய ஒரு அண்ணன் இருக்கிறார். பிரேக் விஷயத்தில் அவரை ஜெயிக்க யாருமில்லை.

எல்லா கார்ட்டும் ஒரே மாதிரிதானா?

ஒரே மாடல்தான், ஆனால் ஒரே மாதிரி இல்லை. டயர் தேய்மானம், பிரேக், ஸ்டியரிங் இணைப்பு எல்லாம் வேறுபடும். ஒரே மையத்தில் நல்ல கார்ட்டுக்கும் சோர்ந்த கார்ட்டுக்கும் அரை விநாடி வித்தியாசம் பார்த்திருக்கிறேன். நியாயமான லீக்குகளில் கார்ட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள், ஒவ்வொரு சுற்றுப் போட்டிக்கும் மாற்றுவார்கள். அப்படிச் செய்யாத லீக்கில் நான் பணம் கட்ட மாட்டேன்.

என்னென்ன போட்டிகள் இருக்கின்றன?

கே1 ஸ்பீடில் மையந்தோறும் மாதாமாதம் சேலஞ்ச் ஜிபி என்ற தொடர் நடக்கும். ஆண்டு முழுக்கப் புள்ளிகள் சேர்த்து வென்றவர்கள் இ-வேர்ல்டு சாம்பியன்ஷிப் என்ற இறுதிப் போட்டியில் மோதுவார்கள். சோடி நிறுவனம் 2010 முதல் நடத்தும் சோடி வேர்ல்டு சீரிஸ் உலக அளவில் பெரியது. பல நாடுகளிலுள்ள வாடகைத் தடங்களில் ஓட்டிச் சேர்க்கும் புள்ளிகள் ஒரே தரவரிசையில் சேரும், முன்னணியில் இருப்பவர்கள் உலக இறுதிக்குப் போவார்கள். இதில் பெட்ரோல், மின்சாரம் இரண்டும் உண்டு.

தொடங்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து மையத்தில் வாரநாள் லீக் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் மாதம் கடைசி இடம்தான் கிடைக்கும், அது எல்லோருக்கும் நடப்பதே.

அடிபடுமா?

படலாம். பெரும்பாலும் விலா எலும்பில்தான். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் பக்கவாட்டு விசை முழுவதும் இருக்கையின் விளிம்பு வழியாக விலாவில் இறங்கும். இருக்கை உங்களுக்குப் பெரியதாக இருந்தால் இன்னும் மோசம். மூன்றாம் வருடம், ஒரு மையத்தில் பின்னாலிருந்து வந்தவர் பிரேக் பிடிக்காமல் இடித்ததில் எனக்கு விலாவில் நல்ல அடி. ஆறு வாரம் தும்மக்கூட பயம். சிவப்புக் கொடி காட்டவேயில்லை, மேசையில் இருந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மார்ஷல்களை, அதாவது தடத்தைக் கண்காணித்துக் கொடி காட்டும் ஊழியர்களைத்தான் கவனிக்கிறேன். விலாக் கவசம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், லீக் ஓட்டுபவர்களுக்கு அது ஹெல்மெட்டுக்கு அடுத்த அவசியம். கர்ப்பிணிகள், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏறவே கூடாது.

தொழிலாகச் செய்தால் லாபம் வருமா?

இடம் நிறையும் நேரத்தில் வரும். மற்ற நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் முழுக் கேள்வியும்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு சுற்று 25 விநாடி, 12 சுற்று, ஆக 5 நிமிடம். இறக்கி, ஏற்றி, பெல்ட் சரிபார்த்து அனுப்ப இன்னொரு 4 நிமிடம். மணிக்கு ஆறு ஓட்டம், ஓட்டத்துக்குப் பத்துப் பேர், தலைக்கு 25 டாலர் என்றால் மணிக்கு 1,500 டாலர். சனிக்கிழமை இரவில் இது உண்மை. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பேர் வருவார்கள். வாடகை, காப்பீடு, ஊழியர் சம்பளம் மூன்றும் செவ்வாய்க்கிழமையிலும் அப்படியே ஓடும். 40,000 சதுர அடி கிடங்கு, அதுவும் நடுவில் தூண்கள் அதிகம் இல்லாதது, கார் நிறுத்த இடத்தோடு கிடைப்பது லேசில்லை.

ஆகவே வெற்றிகரமான மையங்கள் வாரநாளை நிரப்பத்தான் மூளையைச் செலவழிக்கின்றன. அலுவலகக் கூட்டங்கள், லீக், பள்ளி விடுமுறை முகாம். சாப்பாடு, ஆர்கேடு விளையாட்டுகள் ஓட்டத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காசாக்கும். எங்கள் பக்கம் எடிசனில் இருக்கும் சூப்பர்சார்ஜ்டு மையம் இதைப் பெரிய அளவில் செய்கிறது. பல அடுக்குத் தடங்கள் இரண்டு, வேண்டும்போது ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம். அந்த அளவு முதலீடு நம்மில் பலருக்குக் கைக்கு எட்டாது. சின்ன மையம் நிலைக்க வேண்டுமானால், என் கருத்தில், திரும்பத் திரும்ப வரும் முந்நூறு பேரைச் சம்பாதிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்கு வருபவரை நம்பி வாடகை கட்ட முடியாது. லீக் ஓட்டுபவர் வாரம் ஒருமுறை வருவார், நண்பர்களை இழுத்து வருவார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: கார்ட்கள் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் நல்ல மெக்கானிக்குக் கொடுக்கும் சம்பளம்தான் உங்கள் ஆகச் சிறந்த விளம்பரச் செலவு.

அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று ஓட்ட வருபவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வழக்கு வராது என்கிறார்களே?

அதை நம்பிக் காப்பீட்டைக் குறைக்காதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூஜெர்சியில் ஒரு ஸ்கேட்போர்டு பூங்கா வழக்கில் 2006-ல் மாநில உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு அடிபட்டால் வழக்குப் போடும் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. லாபத்துக்கு நடத்தும் பொழுதுபோக்கு இடங்களுக்கு அது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

பேட்டரியில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய கார்ட்களில் காரில் இருப்பது போன்ற லெட்-ஆசிட் பேட்டரிகள், 12 வோல்ட் வீதம் நான்கு சேர்த்து 48 வோல்ட். கனம் அதிகம், சார்ஜ் இறங்க இறங்க வண்டி சோர்ந்துபோகும். கடைசி ஓட்டத்தில் ஏறியவர் ஏமாந்துபோவார். இப்போதைய கார்ட்கள் லித்தியத்துக்கு மாறிவிட்டன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஒரு செல் 3.2 வோல்ட், 16 செல் சேர்த்தால் 51.2. சார்ஜ் தீரும் தறுவாய் வரை மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், அதனால் முதல் ஓட்டமும் ஐந்தாவது ஓட்டமும் சமம். வெப்பத்தையும் இந்த வகை மற்ற லித்தியம் வகைகளைவிட நன்றாகத் தாங்கும். இருந்தாலும் பழைய கார்ட்களை மலிவாக வாங்குபவர் பேட்டரியின் வயதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கார்ட்டில் விலை கூடிய பாகம் அதுதான். சார்ஜ் ஏற்றும் இடத்தைப் பற்றி ஊர்த் தீயணைப்பு அதிகாரியிடம் வரைபடம் போடும்போதே பேசிவிடுங்கள்.

என் மகள் இதை விடமாட்டேன் என்கிறாள். அடுத்த படி என்ன?

மகிழ்ச்சியான தொந்தரவு. லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட்டில் தொடங்கியவர். மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா ஜெர்மனியின் கெர்ப்பனில் கார்ட் தடத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆனால் உள்ளரங்க வாடகைக் கார்ட்டுக்கும் சொந்தப் பந்தய கார்ட்டுக்கும் இடையே பெரிய செலவுப் பள்ளம் இருக்கிறது. ஒரு வருடம் வாடகை லீக்கிலேயே விடுங்கள். பிரேக்கும் பாதையும் அங்கேயே படியும், கெட்ட பழக்கம் என்று ஒன்றுதான் ஒட்டும்: சுவர் பிளாஸ்டிக்தானே என்ற அலட்சியம். வெளித் தடத்தில் அந்தச் சுவர் இருக்காது, சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார்ட் பறக்கும். அதை அவளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 2023-ல் திறந்த கார்ட் தடத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டலாம். திறந்தவெளித் தடத்தில் கார்ட் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள்.